மல்பெரிங்கற இங்கிலீஷ் வார்த்தைக்கு சரியான அர்த்தம் என்ன, எப்படி யூஸ் பண்ணணும்?

நான் கிருஷ்ணகிரி பக்கம், வீட்ல பட்டுப்புழு வளர்ப்பு, புழுவுக்குத் தீனியே மல்பெரி தழைதான், அதனால ஏபிசிடி படிக்கறதுக்கு முன்னாடியே இந்த வார்த்தை எனக்குத் தெரியும். ஆனா அரைகுறையாத்தான் தெரிஞ்சிருக்குன்னு ஒரு சட்டை வாங்கினப்பதான் புரிஞ்சுது. ரெண்டு வருஷம் முன்ன பொங்கலுக்கு ஆன்லைன்ல தேடிட்டு இருந்தேன், நெட் ஸ்லோ, போட்டோ லோட் ஆகவே இல்ல, கலர் பேரு மட்டும் மல்பெரின்னு வந்துச்சு, சரி நம்ம தோட்டத்துத் தழை மாதிரி நல்ல பச்சையா இருக்கும்னு ஆர்டர் போட்டுட்டேன். பார்சலைப் பிரிச்சா சிவப்பும் ஊதாவும் கலந்து கருத்துப் போன மாதிரி ஒரு கலர். அம்மா பாத்துட்டு "ஏன்டா, பழத்தைத் தின்னுட்டு சட்டைலயே கையைத் துடைச்சியா"ன்னாங்க.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா அர்த்தத்தை கரெக்டா புடிச்சுட்டாங்க. நமக்கு மல்பெரின்னா தழை, புழு, கூடு. இங்கிலீஷ்காரங்களுக்கு அப்படி இல்ல, அவங்களுக்கு மொதல்ல பழம், அப்புறம் அது காய்க்கற மரம், அப்புறம் அந்தப் பழம் பட்டா வர்ற கறையோட கலர். ஒரு பழம்னா 'எ மல்பெரி', நிறைய இருந்தா 'மல்பெரீஸ்', மரத்துக்கு 'மல்பெரி ட்ரீ', இலைக்கு 'மல்பெரி லீவ்ஸ்'. கலருக்கு 'எ மல்பெரி ஷர்ட்'னு அப்படியே முன்னாடி போட்டா போதும். பட்டுப்புடவை லேபிள்ல 'மல்பெரி சில்க்'னு போட்டிருக்கறதப் பாத்துட்டு கலர்னு நினைச்சுக்காதீங்க, அது இந்த இலையைத் தின்ற புழு கட்டின கூட்டுல இருந்து எடுத்த பட்டு, டஸ்ஸர், எரி, முகான்னு வர்ற மத்த பட்டு வகையெல்லாம் வேற வேற புழுவோடது.

வார்த்தையைப் பிரிச்சுப் பாத்தா இன்னும் ஜாலியா இருக்கும். லத்தீன்ல இந்தப் பழத்துக்கு மோரம்னு பேரு, அதோட பெரி சேந்து பழைய இங்கிலீஷ்ல மோர்பெரி மாதிரி ஏதோ இருந்திருக்கு, ஒரே வார்த்தைல ரெண்டு 'ர்' வந்தா நாக்கு தடுமாறும்ல, போகப் போக மொத 'ர்' 'ல்'லா மாறிடுச்சு. அந்தப் பழைய 'மோர்' இன்னும் நம்ம புழுவோட அறிவியல் பேர்ல உக்காந்திருக்கு, பாம்பிக்ஸ் மோரி. இதுல கூத்து என்னன்னா தாவரவியல் கணக்குல இது பெரியே கிடையாது, ஒவ்வொரு மணியும் தனித்தனி பூவுல இருந்து வந்தது, எல்லாம் ஒட்டிக்கிட்டு ஒரே பழமா தெரியுது. பலாப்பழமும் இப்படித்தான், ரெண்டும் ஒரே குடும்பம்!

எல்கேஜில 'ஹியர் வீ கோ ரவுண்ட் த மல்பெரி புஷ்'னு சுத்திச் சுத்திப் பாடியிருப்பீங்க. அங்க அது புதர் இல்ல, நல்ல மரம், அப்புறம் ஏன் புஷ்னு இங்கிலீஷ்காரங்களே கேக்கறாங்க. எங்க ஊருக்கு வந்தா அந்தப் பாட்டு பொருந்தும், ரெண்டு ரெண்டரை மாசத்துக்கு ஒருக்கா கவாத்து பண்ணிட்டே இருக்கறதால இடுப்பு, தோள் உயரத்துக்கு மேல போக விடறதில்ல, அதனாலதான் பழமும் பெருசா எங்க கண்ணுல படாது. கிணத்து மேட்டுல வெட்டாம விட்ட ஒரே ஒரு மரத்துல மட்டும் காய்க்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்தா நாக்கு, விரல் எல்லாம் ஊதா, சோப்பு போட்டாலும் ரெண்டு நாள் போகாது. அதைப் பாத்தும் எனக்கு அந்தக் கலர் தோணல பாருங்க.

பெரிய எழுத்துல ஆரம்பிச்சு எழுதியிருந்தா வேற அர்த்தமா இருக்கலாம். 1971ல இங்கிலாந்துல ஆரம்பிச்ச ஹேண்ட்பேக் கம்பெனி ஒண்ணு இதே பேர்ல இருக்கு. ரெண்டாம் உலகப்போர் பத்தி படிக்கறப்ப 'மல்பெரி ஹார்பர்'னு வந்தா பழத்தைத் தேடாதீங்க, 1944 ஜூன்ல பிரான்ஸோட நார்மண்டி கரைல நேச நாடுகள் பாகம் பாகமா கடல்ல இழுத்துட்டு வந்து கட்டின ரெண்டு செயற்கைத் துறைமுகத்துக்கு வெச்ச ரகசியப் பேரு அது. ஒண்ணை அதே மாசம் வந்த புயல் நாசம் பண்ணிடுச்சு, அர்ரோமான்ஷ் ஊர்ல இருந்த இன்னொண்ணோட கான்கிரீட் துண்டுகள் இப்பவும் கடல்ல தெரியும்.

உச்சரிப்புக்கு, பிரிட்டிஷ்காரங்க 'மல்ப்ரி'ன்னு சுருக்கிடுவாங்க, அமெரிக்காவுல 'மல்பெரி', ரெண்டுலயும் அழுத்தம் மொத எழுத்துலதான்.

தமிழ்ல கேட்டா அகராதி முசுக்கட்டைன்னு சொல்லும். எங்க ஊர்ல அப்படிச் சொன்னா யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, மல்பெரின்னாதான் தெரியும். சளிக்கு அடைல, தோசைல அரைச்சுப் போடற முசுமுசுக்கை வேற, அது கொடி, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.