உயரத்துக்குக் கொடுக்கும் பணம்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் குறைந்த செலவில் வாங்கி, உயர்த்தி (பட்டறை மொழியில் ‘லிஃப்ட்’ செய்து), கரடுமுரடான பாதைக்குத் தயார் செய்வதைப் பற்றியவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் மொத்தம் 6 லட்சம் ரூபாய் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. ஒன்று 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கும், பழைய மாருதி ஜிப்ஸி ஒன்று 3 லட்சத்து 75 ஆயிரத்துக்கும் வருகின்றன. நண்பர் தம்முடைய பொலிரோவை 4 லட்சத்துக்குத் தருகிறார்; அதை ஃபோர் வீல் டிரைவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். எதை வாங்கி லிஃப்ட் செய்யலாம்? (கோவை)

பதில்: பொலிரோவை முதலில் கழித்துவிடுங்கள். பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் வண்டிக்கு இன்ஜின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சில் (சக்கர அச்சு), அதற்கு விசையைக் கொண்டுசெல்லும் இன்னொரு புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆகியவற்றைப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிச் சேர்த்து, சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) வெட்டி ஒட்டி முடிக்கும்போது உங்கள் 6 லட்சமும் தீர்ந்திருக்கும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கும் வண்டியில் உள்ளதற்கும் தொடர்பும் இருக்காது.

தார் நல்ல வண்டிதான். ஆனால் அதை வாங்கிய பிறகு உங்கள் கையில் மிஞ்சும் 40 ஆயிரத்தில் பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், ஆயில் மாற்றம் ஆகியவற்றை முடித்தால் டயர் வாங்கப் பணம் இருக்காது. பழைய வண்டி வாங்குபவர், மொத்தத் தொகையில் நான்கில் ஒரு பங்கையாவது வாங்கிய பிறகான செலவுக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்குப்படி ஜிப்ஸிதான் மிஞ்சுகிறது; அதுவும் சேஸிஸ் நன்றாக இருந்தால் மட்டும்.

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பின்பக்கக் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) சேஸிஸோடு சேரும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். சொத்தென்று ஒலித்தாலோ, புதிதாகத் தார் பூசி மறைத்திருந்தாலோ விலகிவிடுங்கள். முன்சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கோ, சக்கரம் இடவலமாகத் திரும்பும் முளையிலுள்ள கிங்பின் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. சக்கரத்துக்குப் பின்னாலுள்ள நக்கிள் உருண்டையில் கிரீஸும் ஆயிலும் கலந்து வழிந்தால் உள்ளே சீல் போயிருக்கிறது. கடைசியாக, மண் தரையில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களும் குறைந்த வேகத்தில் கூடுதல் இழுவையோடு இயங்கும் லோ ரேஞ்சுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். தார்ச்சாலையில் இதைச் செய்து பார்க்க வேண்டாம், முன்பின் ஆக்சில்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். “லிவர் கொஞ்சம் டைட்டாக இருக்கும், மற்றபடி நன்றாக வேலை செய்யும்” என்று விற்பவர் சொன்னால், அது வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் பற்றிய பதில் அடுத்த கடிதத்தில் இருக்கிறது.

கேள்வி: 3 அங்குல லிஃப்ட் போட்டால் வண்டியின் அடிப்பகுதி எந்தக் கல்லிலும் இடிக்காது என்கிறார் பட்டறைக்காரர். 2 அங்குலம் போதுமா, 3 அங்குலம் வேண்டுமா? (திண்டுக்கல்)

பதில்: துணியை முழக்கணக்கில் விற்பது போல உயரத்தை அங்குலக் கணக்கில் விற்கும் இந்த வியாபாரத்தைப் பற்றி எழுத நெடுநாளாகக் காத்திருந்தேன், உங்கள் கடிதம் வாய்ப்பாக அமைந்தது.

கமான் பட்டை உள்ள வண்டியில் முதலில் கல்லில் இடிப்பது ஆக்சிலின் நடுவிலிருக்கும் டிஃபரென்ஷியல் உருண்டை. அந்த ஆக்சில் சக்கரங்களோடு இணைந்திருக்கிறது. ஸ்பிரிங் அதற்கும் சேஸிஸுக்கும் இடையில் இருக்கிறது. ஸ்பிரிங்கை 3 அங்குலம் உயர்த்தினால் அதற்கு மேலுள்ள சேஸிஸும் பாடியும் 76 மில்லிமீட்டர் உயரும். டிஃபரென்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்தும் ஒரே வழி பெரிய டயர். தாரில் வந்த 235/70 ஆர் 16 டயரின் விட்டம் ஏறத்தாழ 735 மில்லிமீட்டர். 245/75 ஆர் 16 போட்டால் 774 மில்லிமீட்டர். வித்தியாசத்தில் பாதி, அதாவது 19 மில்லிமீட்டர்தான் ஆக்சில் உயரும். அதற்கு விலையாக ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிட 5 சதவீதம் குறைத்துக் காட்டும். முதல் கியரின் இழுவையும் அதே அளவுக்குக் குறையும். சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைத்து உயர்த்தும் பாடி லிஃப்ட்டில் சேஸிஸ்கூட உயராது. பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் வண்டி பெரிதாகும்.

லிஃப்ட் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. மேட்டில் ஏறும்போது முன் பம்பர் இடிப்பதையும், மேட்டின் உச்சியில் வயிறு தட்டுவதையும் அது குறைக்கும். பெரிய டயர் சுழல இடம் தரும். ஆனால் அதன் உண்மையான விலை கிட்டின் விலை அல்ல. முன் ஆக்சில் சற்றே திரும்பிக் காஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) குறைவதால், ஸ்டியரிங் வளைவிலிருந்து தானாக நேராவது குறைந்து, நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். அதைச் சரிசெய்ய ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் சரிவான ஆப்புத் துண்டு வைக்க வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடுவதால் ஜாயின்ட் அதிரும். பழைய ஷாக் அப்சார்பர் நீளம் போதாமல் தொங்கும். பிரேக் ஹோஸ் இழுபடும்.

யாரும் பேசாத ஒன்றும் உண்டு. சுமைக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இத்தகைய வண்டிகள் பலவற்றில் சேஸிஸில் இருக்கிறது. ஒரு கம்பி அதைப் பின் ஆக்சிலோடு இணைக்கிறது. சேஸிஸை ஆக்சிலிலிருந்து தூக்கியதும், வண்டி காலியாக இருக்கிறது என்று நினைத்து அது பின் பிரேக்கை எப்போதும் குறைத்தே கொடுக்கும். உங்கள் பட்டறைக்காரரிடம் அந்தக் கம்பியை என்ன செய்வார் என்று கேளுங்கள். அவர் விழித்தால் 2 அங்குலமும் வேண்டாம், 3 அங்குலமும் வேண்டாம்.

கேள்வி: சலுகை விலையில் கிடைத்ததால் 31 அங்குல மட் டயர்கள் ஐந்து வாங்கிவிட்டேன். வண்டி இனிமேல்தான் வாங்க வேண்டும். எந்த வண்டிக்கு இவை பொருந்தும்? (திருப்பூர்)

பதில்: செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டச் சொல்கிறீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். சலுகைக்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும். விற்றுவிடுங்கள்.

கேள்வி: செம்மணல் தேரியில் எங்கள் பனந்தோப்புக்குப் போகும் வழியில் வண்டி மணலில் புதைந்துவிடுகிறது. லிஃப்ட் போட 80 ஆயிரம் கேட்கிறார்கள். (சாத்தான்குளம்)

பதில்: மணலில் புதைவது உயரக் குறைவால் அல்ல. தேரிக்குள் இறங்கும் முன் டயரின் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குங்கள், டயர் நீளவாக்கில் பரந்து மணல்மேல் மிதக்கும். அந்த நிலையில் வேகமாக ஓட்டாதீர்கள், ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்காதீர்கள். டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார்ச்சாலைக்கு ஏறும் முன் மறுபடி நிரப்ப ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸரும் காற்று அளக்கும் கேஜும் வேண்டும். மீதிப் பணத்தைத் தோப்புக்குச் செலவழியுங்கள்.

கேள்வி: என் தாருக்கு 3 அங்குல லிஃப்ட் கிட், புது ஷாக் அப்சார்பர் எல்லாம் சேர்த்து 95 ஆயிரம் ரூபாய் என்று பேசி யு.பி.ஐ.யில் செலுத்தினேன். நான்கே மாதத்தில் முன் ஆக்சிலின் ரப்பர் உறைகள் கிழிந்தன; 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டி அதிர்கிறது. வேறு மெக்கானிக்கிடம் காட்டியபோது, முன்பக்கம் புதிதாக எதுவும் போடவில்லை, டார்ஷன் பார் (முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) போல்ட்டை முறுக்கியே உயர்த்தியிருக்கிறார்கள், பின்னால் கமான் பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் இடத்தில் வெல்டிங் செய்த நீள ஷாக்கிள் போட்டிருக்கிறார்கள் என்றார். பட்டறையில் கேட்டால், “காட்டில் ஓட்டினால் வாரன்டி கிடையாது” என்கிறார்கள். பில் தரவில்லை. (சேலம்)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்; தயங்காமல் கேளுங்கள். டார்ஷன் பார் போல்ட்டை முறுக்குவதற்கு ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும். அப்படி உயர்த்திய சக்கரம் பள்ளத்தில் கீழே இறங்க இடமின்றித் தொங்கியே நிற்கும். ஜாயின்ட்டின் கோணம் எப்போதும் அதிகமாக இருப்பதால் ரப்பர் உறை கிழிவது இயல்பே. காட்டில் ஓட்டுவதற்கென்றே விற்ற பொருளுக்குக் காட்டில் ஓட்டியதால் வாரன்டி இல்லை என்பதைவிடத் துணிச்சலான பேச்சு இருக்க முடியாது.

பில் இல்லாததால் வழக்கு இல்லையென்று ஆகிவிடாது. பணம் செலுத்திய வங்கிப் பதிவு, எதைப் போடுவதாகச் சொன்னார்கள் என்பதற்கான செல்பேசிச் செய்திகள், கழற்றுவதற்கு முன் எடுத்த படங்கள், வண்டியைப் பார்த்த இன்னொரு பட்டறையின் கையொப்பமிட்ட அறிக்கை ஆகிய நான்கையும் சேர்த்து வையுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடைக்காரர் 200 ரூபாய்க்கு மேற்பட்ட விற்பனைக்கு ரசீது தரக் கடமைப்பட்டவர் என்பதையும் குறிப்பிடுங்கள். முதலில் 15 நாள் கெடு வைத்துப் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. வண்டியை மாற்றியதே சட்ட விரோதம் என்று எதிர்த்தரப்பு வாதாடக்கூடும். ஆகவே, தருவதாகச் சொன்ன பாகங்களைத் தராமல் பணம் பெற்றதே உங்கள் புகாரின் மையமாக இருக்கட்டும். படம் எடுத்து முடித்ததும் வண்டியைப் பழைய உயரத்துக்கு இறக்கிவிடுங்கள். அந்த வெல்டிங் ஷாக்கிளை நம்பி இன்னொரு முறை மலை ஏறாதீர்கள்.

கேள்வி: எல்லோரும்தான் செய்கிறார்கள். உண்மையில் யாராவது பிடிப்பார்களா? (ஓசூர்)

பதில்: பிடிப்பார்களா என்பது கேள்வியல்ல, பிடித்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். முன்னால் மாட்டும் இரும்பு புல் பார் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்திவிட்டது. அபராதம் சிறிது; விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் நிறுவனம் லிஃப்ட்டைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுத்தால் அதுதான் பெரிது. 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதும் வண்டி பழைய உருவில் நிற்க வேண்டும். கழற்றிய பாகங்களைப் பட்டறையில் விட்டுவிட்டு வருபவர்கள், அவற்றை அன்று இரட்டை விலைக்குத் திரும்ப வாங்குகிறார்கள்.

கேள்வி: ராணுவ ஏலத்தில் எடுத்த ஜிப்ஸி என்று தரகர் ஒருவர் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்குத் தருகிறார். ஆவணங்கள் பிறகு வரும், நம்பர் தானே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். (மதுரை)

பதில்: வராது. ஏல ஆவணமும் சேஸிஸ் எண்ணும் ஒத்துப்போகாத ஜிப்ஸி பழைய இரும்பு விலைக்குத்தான் பெறும். அதையும் வாங்கும் முன் எடை போட்டுப் பாருங்கள்.

கேள்வி: டெல்லிப் பதிவில் உள்ள 11 ஆண்டு டீசல் ஸ்கார்ப்பியோ, ஃபோர் வீல் டிரைவ், பாதி விலைக்கு வருகிறது. என் கணவர் முன்பணம் கொடுக்கத் துடிக்கிறார். வாங்கலாமா? (நாகர்கோவில்)

பதில்: டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்ததால்தான் அவை இங்கே மலிவாக வருகின்றன, அதில் மர்மம் இல்லை. அந்தப் பதிவு அலுவலகத்தின் என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) கையில் வரும்வரை உங்கள் கணவர் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பாக்கி உள்ளதா என்று பாருங்கள். பிற மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். இங்குள்ள சாலை வரியையும் செலுத்த வேண்டும். அதைக் கூட்டிப் பார்த்த பிறகும் பாதி விலையாகவே இருக்கிறதா என்று கணக்கிடுங்கள். கணக்கை நீங்கள் போடுங்கள், அவர் வேண்டாம்.

கேள்வி: வின்ச் (மோட்டாரால் கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி), ஹை லிஃப்ட் ஜாக், எல்.இ.டி. விளக்கு வரிசை: பட்ஜெட்டில் முதலில் எது? (கம்பம்)

பதில்: மூன்றும் இல்லை. என் வீட்டுப் பரணில் ஒரு ஹை லிஃப்ட் ஜாக் புதிதாகவே கிடக்கிறது. என் வண்டியின் பிளாஸ்டிக் பம்பரில் அதை எங்கும் கொடுத்துத் தூக்க முடியாது. அதன் பக்கத்தில், முதல் மழையிலேயே உள்ளே நீர் கோத்துக்கொண்ட விளக்கு வரிசை ஒன்றும் இருக்கிறது. பெயர் தெரியாத நிறுவனத்தின் வின்ச்சை வாங்கி, 12,000 பவுண்டு என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தவிர மற்ற எல்லாம் பிய்ந்து போனதையும் பார்த்திருக்கிறேன். வின்ச் வாங்கினால் வண்டியின் மொத்த எடையைப்போல ஒன்றரை மடங்கு இழுவை உள்ளதாகப் பாருங்கள். அந்த எண்ணும் உருளையில் கயிற்றின் அடி அடுக்கு மட்டும் இருக்கும்போது கிடைப்பது.

முதலில் சேஸிஸில் போல்ட் செய்த கொக்கி முன்னும் பின்னும் ஒவ்வொன்று, பட்டையைக் கொக்கியில் மாட்டத் தாங்கும் எடை பொறித்த ஷாக்கிள் (இரும்பு வளையம்) இரண்டு, நல்ல இழுவைப் பட்டை ஒன்று, மண்வெட்டி ஒன்று வாங்குங்கள். இழுவைப் பட்டையை டிரெய்லர் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது ஒடிந்து பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

கேள்வி: வண்டி தயார். டாப்ஸ்லிப் பக்கம் அதிகம் பேர் போகாத காட்டுப் பாதை இருந்தால் சொல்லுங்கள். (பொள்ளாச்சி)

பதில்: சொல்ல மாட்டேன். அது ஆனைமலைப் புலிகள் காப்பகம். அனுமதியின்றி நுழைந்தால் வனத்துறை வண்டியைப் பிடித்து வைக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் தெரியும் லிஃப்ட்டுக்கும் புல் பாருக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தனியாகக் கடிதம் போகும்.