உரிமத்தில் ஒரு வரி சேர்க்கலாமா?

கேள்வி: என் நிரல் நூலகத்தை, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியிடுகிறேன். "தீய செயலுக்குப் பயன்படுத்தக் கூடாது" என்று ஒரு வரி சேர்க்கலாமா?

பதில்: நிரல் உங்களுடையது என்பதால் சேர்க்கலாம், ஆனால் அதன்பின் அதைத் திறந்த மூல உரிமம் என்று சொல்ல முடியாது. எது திறந்த மூலம் என்று வரையறுக்கும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு வகுத்த 10 நிபந்தனைகளில் ஆறாவது, எந்தப் பயன்பாட்டுத் துறையையும் விலக்கக் கூடாது என்கிறது. டக்ளஸ் கிராக்ஃபோர்ட் ஏறக்குறைய இதே வரியைத் ஜேசன் (JSON) என்னும் தரவு வடிவத்துக்கான தமது நிரலின் உரிமத்தில் சேர்த்தார். டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத் திட்டம் அதைக் கட்டற்ற உரிமமாக ஏற்கவில்லை. பல திறந்த மூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையும் 2016இல் அதை, தன் திட்டங்களில் சேர்க்கக் கூடாத உரிமங்களின் பட்டியலில் வைத்தது. எது தீமை என்று உரிமம் வரையறுக்காதபோது, எச்சரிக்கையுள்ள எந்த வழக்கறிஞரும் அந்த நிரலைத் தம் நிறுவனத்துக்குள் அனுமதிக்க மாட்டார். உங்கள் விருப்பத்தை நிரலோடு வரும் ரீட்மி விளக்கக் கோப்பில் வேண்டுகோளாக எழுதுங்கள், உரிமத்தைத் தொடாதீர்கள்.

கேள்வி: மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமத்தில் மூலநிரலைத் தர வேண்டும் என்னும் ஜி.பி.எல். உரிமத்தின் உரையைத் திருத்தி எங்கள் உரிமமாக வெளியிடலாமா?

பதில்: அந்த ஆவணத்தை எழுத்து மாறாமல் நகலெடுக்கலாம், மாற்றக் கூடாது என்று தலைப்பை அடுத்தே எழுதியிருக்கிறது. முன்னுரையை நீக்கி, வேறு பெயர் சூட்டினால் அதன் விதிகளை எடுத்தாள, அதை வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இடம் தருகிறது. ஆனால் அப்படிப் பிறக்கும் உரிமம் பெரும்பாலும் ஜி.பி.எல். நிரலோடு சேராது. உங்கள் நோக்கம் கூடுதல் சலுகை தருவதே என்றால், 2007இல் வந்த மூன்றாம் பதிப்பின் 7ஆம் பிரிவே அதற்கு வழி வைத்திருக்கிறது.

கேள்வி: பலர் பங்களித்த திட்டத்தின் உரிமத்தை இப்போது மாற்றலாமா?

பதில்: உரிமையை எழுதிக் கொடுக்காதவரை, ஒவ்வொருவர் எழுதிய பகுதிக்கும் அவரவரே பதிப்புரிமையாளர். வீடியோ இயக்கியான வி.எல்.சி. திட்டம் 2011இல் தன் மையப் பகுதியை ஜி.பி.எல்.இலிருந்து அதைவிடத் தளர்வான எல்.ஜி.பி.எல்.க்கு மாற்றியபோதும், பிறகு மற்ற நிரற்கூறுகளை மாற்றியபோதும், எழுதியவர்களைத் தேடித் தேடி ஒப்புதல் பெற்றது. ஒருவருடைய பழைய மின்னஞ்சல் முகவரி செயலிழந்திருந்தாலே வேலை நின்றுவிடும். அவர் எழுதியதை நீக்கிப் புதிதாக எழுதுவதே அப்போது மிஞ்சும் வழி. ஏற்கெனவே வெளியான பதிப்புகளைப் பெற்றவர்களுக்குப் பழைய உரிமமே நீடிக்கும்.

கேள்வி: எழுத்துருக்களுக்கான திறந்த உரிமமான ஓ.எஃப்.எல்.இல் வந்த தமிழ் எழுத்துருவில் "ஸ்ரீ" வடிவத்தைத் திருத்தினேன். அதே பெயரில் வெளியிடலாமா?

பதில்: உரிமக் கோப்பின் முதல் வரியைப் பாருங்கள். பதிப்புரிமைக் குறிப்பை அடுத்து ஒதுக்கப்பட்ட பெயர் (Reserved Font Name) ஏதும் இருந்தால், உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியின்றி அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது. கோப்பின் பெயரை மட்டும் மாற்றுவது போதாது. எழுத்துருவைத் திறந்து, எழுத்துருப் பட்டியலில் பயனருக்குத் தெரியும் பெயரையும் மாற்ற வேண்டும்.