எல்லையோரம் குடிபோகிறவர்கள்: முதலில் வாடகையா, நேரே சொந்தமா?

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் வாளையாறு, கோபாலபுரம், குமுளி, புளியரை என்று கேரள எல்லைச் சாவடிகளைச் சுற்றியே இருக்கின்றன. வாடகைக்குக் கொடுக்கிற காசு தண்டம்தானே என்ற கவலை பலருக்கும். தண்டம் இல்லை என்பது என் கட்சி. ஒரே ஒருவருக்கு மட்டும் வேறு பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: கணவருக்குப் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் வேலை. போத்தனூரிலிருந்து பிள்ளைகளோடு மாறுகிறோம். "ஸ்மார்ட் சிட்டி வருது, இப்ப விட்டா சென்ட் விலை எட்டாது" என்கிறார் புரோக்கர். கையில் 30 லட்சம் இருக்கிறது. நேரே வாங்கிவிடலாமா?

முதலில் கணக்கைப் பாருங்கள். கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சத்துக்கு 3 லட்சம் பத்திரத்திலேயே போய்விடும். மாதம் 12,000 வாடகை கொடுத்தாலும் வருஷத்துக்கு 1,44,000தான். வாங்கிய இடம் பிடிக்காமல் இரண்டு வருஷத்துக்குள் விற்றால், கிடைக்கிற லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும். தப்பான இடத்தில் வாங்குவதற்கு இரண்டு வருஷ வாடகையைவிடக் கூடவே செலவாகும்.

புரோக்கர் சொல்லும் ஸ்மார்ட் சிட்டியான பாலக்காடு தொழில் நகரத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்ட்டில் ஒப்புதல் கொடுத்தது உண்மை. ஆனால் அந்தச் செய்தி அன்றைக்கே விலையில் ஏறிவிட்டது. ரோடும் தண்ணீர்க் குழாயும் வருகிற வரை நீங்கள் காத்திருந்தால் நஷ்டம் உங்களுக்கு இல்லை, புரோக்கருக்குத்தான்.

ஒரு வருஷம் வாடகைக்கு இருந்தால் என்னென்ன தெரியும் என்று கேட்பீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்க விடாது என்று தெரியும். பாலக்காட்டு ஏப்ரல் 40 டிகிரியைத் தாண்டும்போது காங்கிரீட் தளத்தின் கீழ் பிள்ளைகள் தூங்குகிறார்களா என்று தெரியும். யானை எந்த வழியாக இறங்குகிறது என்றும் தெரியும். இது விளையாட்டுப் பேச்சில்லை. மலையடிவார ஊரான தோனிப் பக்கம் சுற்றிவந்த பி.டி.-7 என்ற கொம்பன் யானையை 2023 ஜனவரியில்தான் பிடித்தார்கள். மலையடிவாரத்தில் சென்ட் விலை குறைவாக இருக்க இதுவும் ஒரு காரணம். விளம்பரத்தில் 'மலை வியூ' என்று மட்டும்தான் போடுவார்கள்.

இன்னொரு விஷயம். மனையின் கரம் தீர்த்த ரசீதில், அதாவது நிலவரி கட்டிய ரசீதில், 'புரயிடம்' (வயல் அல்லாத மேட்டு நிலம்) என்று இருக்கிறதா பாருங்கள். 'நிலம்' என்று இருந்தால் அது நெல்வயல் கணக்கு. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் அங்கே வீடு கட்ட எளிதில் விடாது. "மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால், "மாற்றி முடித்த பிறகு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வாடகை வீட்டை மட்டும், பின்னால் வாங்க நினைக்கிற பகுதியிலேயே பிடியுங்கள். டவுன் நடுவில் சௌகரியமாக ஒரு வருஷம் இருந்துவிட்டு அடிவாரத்தில் மனை வாங்கினால் இந்த ஒரு வருஷம் எதற்கும் உதவாது.

கேள்வி: வடகரப்பதி பக்கம் வாடகை வீடு பார்த்தோம். "போர் இருக்கு, தண்ணிக்குப் பஞ்சமே இல்லை" என்கிறார் வீட்டுக்காரர். நம்பலாமா?

போர் இருக்கிறது என்பதை நம்பலாம். தண்ணீர் இருக்கிறதா என்பதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியான வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை எல்லாம் மழை குறைந்த பக்கம். ஆழியாற்றிலிருந்து பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி வரவேண்டிய 7.25 டி.எம்.சி.யை நம்பியே அந்தத் தாலுகாவின் விவசாயம் நடக்கிறது. பிளாச்சிமடாவில் குளிர்பான ஆலையை எதிர்த்து ஊரே திரண்டதும் இதே தாலுகாவில்தான், நிலத்தடி நீருக்காகத்தான். கேட்கவேண்டியது ஒன்றுதான்: "போன சித்திரையில் லாரித் தண்ணீர் வாங்கினீர்களா?" பதில் சொல்ல யோசித்தால் வேறு வீடு பாருங்கள்.

கேள்வி: எல்லோரும் 11 மாத அக்ரிமென்ட்தான் போடுகிறார்கள். ஏன் 12 இல்லை?

ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் 11. கேரளத்தில் 1965ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் உள்ள இடங்களில், தவணை முடிந்தாலும் உரிய காரணம் காட்டாமல் குடியிருப்பவரைக் காலி செய்ய வைக்க முடியாது. வீட்டுக்காரர்கள் பயப்படுவதும் அதனால்தான். தமிழ்நாட்டுப் பக்கம் நகர்ப்புறத்தில் வீடு எடுத்தால் 2019 பிப்ரவரி 22 முதல் வேறு சட்டம்: ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யவேண்டும். எந்தப் பக்கம் என்றாலும், எப்போது காலி செய்தாலும் எத்தனை மாத நோட்டீஸ் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். வீடு வாங்கக் காத்திருப்பவருக்கு அந்த வரிதான் முக்கியம்.

கேள்வி: வேலந்தாவளத்தில் 6 லட்சம் போக்கியத்துக்கு வீடு வருகிறது. மாத வாடகையே இல்லை. வீடு வாங்கச் சேர்த்த பணம் பத்திரமாகத் திரும்பி வருமே?

திரும்பி வரும்வரை அது உங்கள் பணம் இல்லை. ஒத்தி, போக்கியம், பணயம் என்று எந்தப் பேரில் சொன்னாலும் பெரும்பாலும் வீட்டுக்காரருக்குக் கடன் முட்டுகிறபோதுதான் இந்தப் பேச்சு வரும். அவர் வங்கியில் வாங்கிய கடனைக் கட்டாவிட்டால், சர்ஃபேசி என்ற கடன் மீட்புச் சட்டத்தின் கீழ் வங்கி வீட்டைக் கையகப்படுத்தலாம். ஐம்பது ரூபாய் பத்திரத்தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கிய காகிதத்தை வைத்துக்கொண்டு அப்போது வங்கியோடு மல்லுக்கட்ட முடியாது.

கட்டாயம் போகவேண்டும் என்றால், போக்கியப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். அதற்கு முன் அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடன் எல்லா நேரமும் வில்லங்கச் சான்றில் ஏறியிருக்காது. "ஒரிஜினல் அண்ணன் வீட்டில் இருக்குது" என்றால் எழுந்துவிடுங்கள். அடுத்த வருஷமே வீடு வாங்கப்போகிறவர் போக்கியத்துக்குப் போகவே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

கேள்வி: பொள்ளாச்சியில் இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. எனக்குக் கொழிஞ்சாம்பாறையில் வேலை. அங்கே தமிழ் வழியிலும் பள்ளி இருக்கிறது என்பதால் குடும்பத்தோடு போய்விட நினைக்கிறேன். மகள் டாக்டராக வேண்டும் என்கிறாள்.

கடைசி வரியை எழுதினீர்களே, அதுவே போதும். இப்போது வீடும் வேண்டாம், குடும்பத்தை மாற்றவும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு 2020 முதல் நடைமுறையில் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அதை விரித்தார்கள். கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் தமிழில் படித்தாலும் அது கேரளப் பள்ளிதான். நடுவில் ஒரு வருஷம் போனாலும் அந்தக் கதவு மூடிவிடும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் இதே 6 முதல் 12 கணக்குதான். சாதிச் சான்றிதழ் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஒரு மாநிலத்தின் பட்டியல் அடுத்த மாநிலத்தில் அப்படியே செல்லாது.

கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சியிலிருந்து தினம் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்களும் போய்வாருங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். முடியவில்லை என்றால் எல்லைக்கு இந்தப் பக்கமே, அரசுப் பள்ளி பக்கத்தில் உள்ள வாடகை வீடாகப் பாருங்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அதுவரை ரேஷன் கார்டையும் தொடவேண்டாம். மகளிர் உரிமைத் தொகை வாங்குகிறவர் வீட்டில் இருந்தால் அதுவும் அந்தக் கார்டோடு போய்விடும்.

கேள்வி: டி.என். நம்பர் பைக்கைக் கேரளத்தில் எவ்வளவு நாள் ஓட்டலாம்?

அங்கேயே வைத்து ஓட்டினால் 12 மாதம். அதற்கு மேல் என்றால் இங்கே தடையில்லாச் சான்று வாங்கி அங்கே மறுபதிவு செய்யவேண்டும், வரியும் கட்டவேண்டும். வாடகைக்கு இருக்கும் முதல் வருஷத்தில் மறுபதிவுத் தலைவலி இல்லை.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன். திருப்பூர் வீட்டை விற்றாயிற்று. செங்கோட்டை ஊர் மனசுக்குப் பிடித்திருக்கிறது. வாடகைக்கு இருந்து பார்த்தால் வரிச் சலுகை போய்விடுமா?

போகாது, ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய வீடு இரண்டு வருஷத்துக்கு மேல் உங்களிடம் இருந்திருந்தால், விற்ற தேதியிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கலாம், அல்லது மூன்று வருஷத்துக்குள் கட்டி முடிக்கலாம். வருமான வரி ரிட்டன் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் வாங்கவில்லை என்றால், லாபத் தொகையை வங்கியில் 'மூலதன ஆதாயக் கணக்கு' தொடங்கி அதில் போட்டுவிடுங்கள். சாதாரண ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டுவிட்டுச் சலுகை கேட்டால் கிடைக்காது. ஆடிட்டரிடம் இந்த வாரமே போங்கள்.

முதல் வருஷம் வாடகை, இரண்டாம் வருஷம் தேடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டையை ஜூன், ஜூலைச் சாரலில் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். மார்ச், ஏப்ரலிலும் பிடிக்கிறதா பாருங்கள். மாத்திரை மருந்துக்கும் டாக்டருக்கும் தென்காசி போய்வருவது உங்கள் வயதுக்குச் சரிப்படுகிறதா என்பதையும்.

கேள்வி: எட்டு வருஷம் கழித்துக் களியக்காவிளைப் பக்கம் சொந்த ஊருக்கே திரும்புகிறோம். எங்களுக்கும் வாடகை தேவையா?

தேவையில்லை. கிணறும் தெரியும், அக்கம்பக்கமும் தெரியும். வாங்குங்கள். பத்திரத்தில் மட்டும் கவனம். முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர் என்பதால் தாய்ப்பத்திரம் மலையாளத்திலும் கொல்லம் ஆண்டிலும் இருக்கும். 1125 என்று இருந்தால் அது 1949-50. அந்தப் பழைய எழுத்தை வாசிக்கத் தெரிந்த பத்திர எழுத்தரிடம் வரிக்கு வரி படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: கம்பத்திலிருந்து வந்து குமுளியில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் இதே வீட்டைத் தருகிறேன் என்கிறார். மாடியில் ஹோம்ஸ்டே நடத்தும் யோசனையும் இருக்கிறது.

குடியிருந்து பார்த்த வீடு, எங்கே ஒழுகுகிறது என்று அவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த வகையில் நல்லதுதான். ஆனால் ஹோம்ஸ்டே என்றதும் நான் கொஞ்சம் நிதானிக்கிறேன். இடுக்கியில் பல இடங்கள் 1964ஆம் ஆண்டு நில ஒதுக்கீட்டு விதிகளின்படி அரசு கொடுத்த பட்டயம், அதாவது பட்டா நிலம். விவசாயத்துக்கும் குடியிருக்கவும் கொடுத்தது. அதில் வியாபாரம் செய்வது பல வருஷமாக வழக்கில் கிடந்த விஷயம். 2023இல் கேரளச் சட்டமன்றம் திருத்தச் சட்டம் நிறைவேற்றியதே அதற்காகத்தான். உங்கள் வீட்டுப் பட்டயம் எந்த வகை என்று வில்லேஜ் ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மாடிக்குத் திட்டம் போடுங்கள். ஹோம்ஸ்டே வருமானத்தை நம்பி விலை பேசவேண்டாம்.

முன்னாதாரம் (தாய்ப்பத்திரம்), போக்குவரவு (பெயர் மாற்றம்) அவர் பேரில் நடந்ததற்கான சான்று, தண்டப்பேர் எண் (நிலவரிக் கணக்கு எண்), இந்த வருஷக் கரம் ரசீது, குடிக்கட சர்ட்டிபிகேட் (வில்லங்கச் சான்று) எல்லாவற்றையும் வாங்கிப் பாருங்கள். அளவு ஆர் கணக்கில் இருக்கும். ஒரு ஆர் 2.47 சென்ட். அவர் வாயால் சொல்லும் சென்ட் அதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

விலை பேசி முன்பணம் கொடுத்த பிறகும் பத்திரம் ஆகிறவரை மாத வாடகையைத் தனியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். இரண்டையும் கலந்தால், பேரம் முறிந்தால் எது வாடகை, எது முன்பணம் என்ற சண்டைதான் மிஞ்சும். குடிவந்தபோது கொடுத்த அட்வான்ஸை விலையில் கழித்துக்கொள்வதாக விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பதிவு முடிந்த பிறகு கேட்டால் "அப்படியா பேசினோம்?" என்பார்.