வாரண்டி முடிந்த பிறகு எரிந்த கம்ப்ரசர்: செலவு யார் தலையில்?

கேள்வி: 78 லட்சம் கொடுத்து என் கம்பெனி பேரில் வாங்கிய கார், ஏர் சஸ்பென்ஷன் உள்ளது, ஓட்டுவது நானும் வீட்டினரும்தான். வாரண்டி இருக்கும்போதே காலையில் முன்பக்க இடது மூலை தாழ்ந்து நிற்கும். இரண்டு முறை சர்வீஸில் விட்டேன், சென்சாரை சரிசெய்துவிட்டதாக அனுப்பிவிட்டார்கள். வாரண்டி முடிந்த அடுத்த மாதமே கம்ப்ரசர் எரிந்துவிட்டது. மூன்றரை லட்சம் கேட்கிறார்கள். கேஸ் போடலாமா? – வாசகர், கோவை

பதில்: தாராளமாகப் போடலாம், ஆனால் "கம்ப்ரசர் எரிந்தது" என்று புகாரை ஆரம்பிக்காதீர்கள், அது வாரண்டிக்குப் பிறகு நடந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

இந்த சஸ்பென்ஷனில் வண்டியைத் தாங்குவது ரப்பர் பையில் அடைத்த காற்று. உயர சென்சார் சொல்வதை வைத்து கன்ட்ரோல் யூனிட் வால்வைத் திறந்து, வண்டியை ஏற்றக் காற்றை விடும், இறக்க வெளியேற்றும். காற்றை நிரப்பும் கம்ப்ரசர் கொஞ்ச நேரம் ஓடி நிற்க வேண்டிய சாதனம். பையின் மடிப்பில் சின்ன விரிசல் விழுந்தால் ராத்திரியில் அந்த மூலை இறங்கும், காலையில் அதைத் தூக்க கம்ப்ரசர் கூடுதலாக ஓடும், மாதக்கணக்கில் இப்படி ஓடி சூடேறித்தான் எரிகிறது. அதாவது கசிவு முதலில், கம்ப்ரசர் அப்புறம். அந்தக் கசிவு வாரண்டிக்குள் வந்தது, நீங்கள் சொல்லியும் அவர்கள் தேடவில்லை. இந்த சேவைக் குறைபாடுதான் உங்கள் வழக்கு.

அதனால் அந்த இரண்டு முறையும் சர்வீஸில் உங்கள் புகாரை எழுதிக் கொடுத்த ஜாப் கார்டுகள்தான் உயிர். "வண்டி ஒரு பக்கம் இறங்குகிறது" என்ற உங்கள் வார்த்தை அதில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அப்போது அனுப்பிய வாட்ஸ்அப், மெயில், தேதியுள்ள போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

கம்பெனி பேரில் இருப்பதால் "வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்பார்கள். இயக்குநரின் சொந்த உபயோகத்துக்குக் கம்பெனி வாங்கிய காரை அதனால் மட்டும் வணிக நோக்கம் என்று தள்ள முடியாது என்று டெய்ம்லர் கிரைஸ்லர் வழக்கில் 2024-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. புகாரையும் கம்பெனி பேரிலேயே போடுங்கள்.

கேட்பது மூன்றரை லட்சம்தானே, மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும் என்று நினைக்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கொடுத்த விலைதான் கணக்கு. 2021 விதிகளின்படி மாவட்டத்துக்கு 50 லட்சம் வரைதான், 78 லட்சம் என்பதால் மாநில ஆணையம். டீலர், தயாரிப்பாளர் இருவரையும் சேருங்கள். காலக்கெடு 2 ஆண்டு, சரி, அதற்காக ஆறப்போடாதீர்கள்.

முதலில் வக்கீல் நோட்டீஸ். வண்டி உடனே வேண்டுமென்றால் "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள், பழைய காற்றுப் பையையும் கம்ப்ரசரையும் கேட்டு வாங்கி, பிரிக்காமல் சீல் வைத்துப் பத்திரப்படுத்துங்கள். பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்குப் பிரிவு 38-இல் அதிகாரம் உண்டு, அனுப்புவதற்குப் பொருள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.