மொதல்ல வால பாருங்க

கேள்வி: சாயங்காலம் ஆனா எங்க ஊர் பனங்காட்டுக்கு மேல சின்னச் சின்ன கருப்புக் குருவிங்க, வில்லு மாதிரி வளைஞ்ச றெக்கையோட சுத்துது. கோயில் கோபுரத்த சுத்தியும் அதே மாதிரிதான் கூட்டமா கத்திக்கிட்டு பறக்குது. ரெண்டும் ஒண்ணுதான்னு நான் சொல்றேன், என் பையன் இல்லவே இல்லங்கறான். யார் சொல்றது சரி?
– ஒரு வாசகி, உடன்குடி

பதில்: பையன் சொல்றதுதான் சரிக்கா. ரெண்டுமே உழவாரன் குடும்பம்தான், ஆனா வேற வேற இனம். பனங்காட்டுல நீங்க பாத்தது அநேகமா பனை உழவாரன், கோபுரத்துல இருக்கறது நாட்டு உழவாரன். அநேகமான்னு ஏன் சொல்றேன்னா, கூடு கட்டற இடந்தான் வேற, பூச்சி பிடிக்க ரெண்டும் ஒரே கொளத்துக்கு மேல கலந்து பறக்கும், அதனால எடத்த மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க.

நெறைய பேரு நாட்டு உழவாரனோட இடுப்புல இருக்கற வெள்ளைப் பட்டைய தேடுவாங்க. அது நல்ல அடையாளந்தான், பனை உழவாரனுக்கு அந்த வெள்ளை கெடையவே கெடையாது. ஆனா பட்டை இருக்கறது முதுகுப் பக்கம், நாம கீழ நின்னு அண்ணாந்து பாக்கறோம், வானத்து வெளிச்சத்துல எல்லாமே கருப்பாத்தான் தெரியும், பறவை ஒரு பக்கமா சாயும்போதுதான் அந்த வெள்ளை பளிச்சுன்னு ஒரு செகண்ட் வந்துட்டுப் போகும். அதனால நான் மொதல்ல வாலத்தான் பாப்பேன். நாட்டு உழவாரனுக்கு வால் குட்டை, வெட்டிவிட்ட மாதிரி சதுரமா முடியும், விரிச்சா லேசா வட்டமா இருக்கும். பனை உழவாரனுக்கு வால் நீளம், நல்லா ஆழமா பிளந்திருக்கும், ஆனா நேரா பறக்கும்போது மூடியே வச்சிருக்கறதால ஒத்த ஊசி மாதிரிதான் தெரியும், சட்டுனு திரும்பறப்போ மட்டும் கவட்டை மாதிரி விரியும். இங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. பைனாகுலர் இல்லன்னா போன்ல ஸ்லோ மோஷன்ல வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்தி பாருங்க, அந்தத் திரும்பற நொடி மாட்டும்.

உடம்பும் வேற. நாட்டு உழவாரன் 15 செ.மீ. இருக்கும், கொஞ்சம் தடிச்ச உடம்பு, நல்ல கருப்பு, தொண்டை வெள்ளை. பனை உழவாரன் 13 செ.மீ.தான், அதுலயும் வாலே பாதி மாதிரி தெரியும், ஒல்லியா, சாம்பல் கலந்த பழுப்பு நெறத்துல, றெக்கை கத்தி மாதிரி குறுகலா இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பனை உழவாரனோட கூடுதான். தொங்கற ஓலையோட அடிப்பக்கத்துல எச்சில வச்சே இறகையும் பஞ்சையும் ஒட்டி சின்னதா ஒண்ணு கட்டும், காத்துல ஓலை என்ன ஆட்டம் ஆடும், முட்டை விழுந்துடாதான்னு தோணும்ல, அதுக்கு முட்டையையும் எச்சிலாலயே கூட்டோட ஒட்டிடும்! நாட்டு உழவாரனும் எச்சில் வச்சுத்தான் கட்டும், ஆனா அது கல் மண்டபம், பாலத்தோட அடிப்பக்கம், பழைய கட்டடம்னு கூட்டமா கட்டும்.

கேள்வி: கரண்ட் கம்பில வரிசையா உக்காந்திருக்கே, அதுவும் இதுதானா?
– அதே வாசகி

பதில்: இல்லக்கா, அது தகைவிலான். உழவாரனால கம்பில உக்கார முடியாது, கால் ரொம்பக் குட்டை, செங்குத்தா சுவத்துலயோ ஓலைலயோ தொத்திக்க மட்டுந்தான் லாயக்கு. கம்பில ஒண்ணு உக்காந்திருந்தாலே அது உழவாரன் இல்லன்னு பையன்கிட்ட தைரியமா சொல்லலாம். இன்னொண்ணு, ஓலை வெட்ட ஆள் வரும்போது கொஞ்ச நேரம் கீழ நின்னு பாருங்க, ஒரே ஓலைக்கு உழவாரன் திரும்பத் திரும்ப வந்து போச்சுன்னா அந்த மரத்த மட்டும் ரெண்டு மாசம் விட்டுடச் சொல்லுங்க.