பாசி மிதவை முதல் படகுக் கணக்கு வரை: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் மகளிர் குழு கடலில் மிதவை கட்டி கப்பாபைகஸ் என்ற கடற்பாசி வளர்க்கிறது. மிதவைக்கு ஒரு வரி என்று எக்செலில் எழுதி வருகிறோம். மூன்றாவது அறுவடைக்குப் பிறகு எந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை. எங்கே தவறுகிறோம்?
– வாசகி, மண்டபம்

மிதவையையும் சாகுபடிச் சுற்றையும் ஒரே வரியில் எழுதுவதால் வரும் குழப்பம் இது. மிதவை என்பது பொருள்: 12க்கு 12 அடி மூங்கில் சட்டம், நங்கூரம், கட்டியிருக்கும் இடம். சுற்று என்பது நிகழ்வு: விதைப்பாசி கட்டிய நாளில் தொடங்கி, சுமார் 45 நாளில் அறுவடையோடு முடிந்துவிடும். ஒரு மிதவையில் பல சுற்றுகள் நடக்கும். இரண்டும் ஒரே வரியில் இருந்தால், இரண்டாம் சுற்றை எழுதும்போது முதல் சுற்று அழிந்துபோகும். ஆகவே இரண்டு தாள் வையுங்கள். சுற்றுத் தாளின் ஒவ்வொரு வரியிலும் மிதவை எண் இருக்கட்டும்.

அடுத்தது விதை. மிதவைக்கு 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் என்றால் 60 கிலோ விதை. நல்ல சுற்றில் 260 கிலோ வரை அறுக்கலாம். அதில் 60 கிலோ மறுபடி விதையாகப் போய்விடும். மீதி 200 கிலோவைக் காயவைத்தால் ஏறக்குறைய 20 கிலோ காய்ந்த பாசி மிஞ்சும். 260 முழுவதையும் விளைச்சல் என்று எழுதிவிட்டு, அடுத்த சுற்றின் அறுவடையையும் அப்படியே கூட்டினால், அந்த 60 கிலோ ஒவ்வொரு முறையும் இரண்டு தரம் எண்ணப்படும். 'அறுவடை' என்ற ஒரே கட்டத்தை 'விதைக்கு', 'காயவைக்க', 'இழப்பு' என்று மூன்றாகப் பிரியுங்கள். ஈர எடையா காய்ந்த எடையா என்பதும் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இழப்புக்குக் காரணமும் எழுதுங்கள். வாடைக்காற்றின் அலையில் கிளை முறிவது, ஓரா மீன் கடிப்பது, கோடையில் நீர் சூடேறித் தண்டு வெளுத்து உதிர்வது ஆகிய மூன்றுமே எடை குறைவு என்றுதான் தெரியும். தீர்வு மட்டும் வேறு வேறு. மீன் கடிக்கு மிதவையின் அடியில் வலை கட்டலாம். வெப்பத்துக்கு வலை உதவாது, அந்த மாதங்களில் சுற்றையே தள்ளிப்போட வேண்டும்.

முறிந்த கிளை கணக்கிலிருந்து மறைந்தாலும் கடலில் மறைவதில்லை. குருசடைத் தீவின் பவளங்கள் மேல் இந்தப் பாசி படர்ந்திருப்பது 2008இல் பதிவானது. பணக்கணக்குக்கு மட்டும் வரைந்த தாளில் 'மிதவைக்கு வெளியே போனது' என்ற கட்டமே இருக்காது. உங்கள் தாளில் அதைக் கட்டாயம் சேருங்கள். மிதவையிலிருந்து மிக அருகிலுள்ள பவளப்பாறைக்கு எவ்வளவு தூரம் என்பதையும் எழுதுங்கள்.

கருத்துரு மாதிரியாக்கம் என்பது ஆய்வுத்துறையா, வெறும் கட்டம் வரைவதா? நிலைத்த வளர்ச்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?
– கல்லூரி மாணவர், கீழக்கரை

ஆய்வுத்துறைதான். பொருள்களையும் அவற்றின் உறவுகளையும் வரையும் முறையைப் பீட்டர் சென் 1976இல் வெளியிட்டார். அதை ஒட்டிய சர்வதேச மாநாடு 1979இல் தொடங்கியது. எதை எண்ணுகிறோம், அது எதோடு எப்படிச் சேர்கிறது என்பதைத் தரவு சேர்க்கும் முன்பே தீர்மானிப்பதுதான் இதன் வேலை.

நிலைத்த வளர்ச்சியோடு உள்ள சம்பந்தத்துக்கு, ஐ.நா. புள்ளிவிவர ஆணையம் 2021இல் ஏற்ற சூழல்மண்டலக் கணக்கு முறையைப் பாருங்கள். பரப்பு, நிலைமை, அதிலிருந்து மனிதருக்குக் கிடைக்கும் பயன் ஆகியவற்றை அது தனித்தனியாக எழுதச் சொல்கிறது. பாக் நீரிணையின் கடற்புல் அதே பரப்பில் இருந்துகொண்டே மெலிந்துபோகலாம். பரப்பை மட்டும் எழுதினால் எல்லாம் நலம் என்றே கணக்கு சொல்லும்.

படகுத்துறையில் மீன்வரத்தைப் பதிய ஒரு கைபேசிச் செயலி செய்கிறோம். படகு, மீன், எடை, நாள் – இவ்வளவு போதாதா?
– வாசகர், தொண்டி

போதாது. இந்த நான்கில் 'பயணம்' இல்லை. எடை இருந்தால்தான் வரி விழும் என்று வைத்தால், வலை வீசி வெறுங்கையோடு திரும்பிய படகு பதிவாகவே செய்யாது. மீன் குறைகிற காலத்தில் வெறும் பயணங்கள் கூடும். உங்கள் சராசரியோ குறையாமல் நிற்கும். மீன்வளம் சரிவதை மறைக்கிற பிழை இது, உடனே திருத்துங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி, அதன் கீழே மீன் வகைக்கு ஒரு வரி. மீன் வரி பூஜ்யமாக இருந்தாலும் பயண வரி நிற்க வேண்டும். கடலில் இருந்த நேரமும் வலை வகையும் அதில் சேரும்.

கடலுக்குப் போகாத நாளுக்கும் காரணம் தேவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம், புயல் எச்சரிக்கை, இன்ஜின் பழுது, டீசலுக்குக் காசில்லாமை – வெற்று வரியாக விட்டால் இவை எல்லாம் ஒன்றாகிவிடும். தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது என்பதால் படகின் வகையும் பதிவில் இருந்தே தீர வேண்டும்.

இப்படிக் கருத்துரு மாதிரி வரைய எந்த மென்பொருள் நல்லது?
– வாசகி, ஏர்வாடி

முதலில் சார்ட் பேப்பரும் பென்சிலும் போதும். பொருளுக்கு ஒரு கட்டம், உறவுக்கு ஒரு கோடு, கோட்டின் மேல் வினைச்சொல்: 'படகு பயணம் போகிறது', 'பயணம் மீன் கொண்டுவருகிறது'. அதைப் பாசி எடுப்பவரிடமும் கரையில் ஏலம் கூறுபவரிடமும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பிறகு பழைய நோட்டிலிருந்து பத்துப் பதிவுகளை எடுத்து நிரப்பிப் பாருங்கள். எந்தத் தகவலுக்காவது இடமில்லாமல் ஓரத்தில் எழுத நேர்ந்தால், அங்கே ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கிறது. கணினியில் ஏற்றுவது அதன் பிறகு.