அப்பாவுக்கு டிமென்ஷியா. இனிமேல் பயிற்சி கொடுத்துப் பயன் உண்டா, எல்லாவற்றையும் நாங்களே செய்துகொடுப்பதுதானே நல்லது?

பயன் உண்டு. ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குபவராக, டிமென்ஷியா உள்ளவர்களின் வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். போன நினைவாற்றலை எந்தப் பயிற்சியும் திருப்பித் தராது, நோயையும் நிறுத்தாது. ஆனால் அப்பா இன்று தானே செய்கிற காரியங்களை இன்னும் கொஞ்ச காலம் தானே செய்ய வைக்கலாம். கைவிட்டுப்போன ஒன்றிரண்டை மீட்கவும் செய்யலாம்.

டிமென்ஷியாவுக்கு மிகப் பொதுவான காரணமான அல்சைமர் நோயில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது மூளையில் உள்ள ஹிப்போகாம்பஸ். காலையில் யார் வந்தார்கள், மாத்திரை போட்டாச்சா என்பதையெல்லாம் புதிதாகப் பதிய வைக்கும் பகுதி அது. சட்டைக்குப் பட்டன் போடுவது, முகம் மழிப்பது போன்ற கைப்பழக்கங்களோ மூளையின் வேறு பகுதிகளை நம்பியிருக்கின்றன. அவை பல வருடம் தாக்குப்பிடிக்கும். பயிற்சி நடந்ததே ஞாபகம் இல்லாதவர்கூட, பயிற்சியில் பழகியதைச் சரியாகச் செய்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

குளியலறைக்குள் போனால் அப்படியே நின்றுவிடுகிறார், அதனால் நாங்களே குளிப்பாட்டிவிடுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அவசரமும் அலுப்பும் புரிகிறது. ஆனால் குளியல் என்பது ஒரே வேலை இல்லை. துணியைக் கழற்றுவது, தண்ணீரைத் திறப்பது, சூடு பார்ப்பது, சோப்பை எடுப்பது என்று இருபது சின்ன வேலைகள் அதற்குள் இருக்கின்றன. அப்பாவால் முடியாமல் போனது அதில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பக்கத்திலேயே நின்று, அவர் வழுக்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொண்டு, எங்கே தடைபடுகிறது என்று கவனியுங்கள். பலருக்கு ஆரம்பிப்பதுதான் சிக்கல். முதல் பட்டனை நீங்கள் கழற்றிவிட்டால் மீதியைக் கை தானே செய்யும். வெள்ளைச் சுவரில் தொங்கும் வெள்ளை டவல் சிலருக்குக் கண்ணில் படவே படாது, அடர் நிறத்தில் மாற்றினாலே எடுத்துவிடுவார்கள். சோப்பு, டவல், மாற்றுத்துணி மூன்றையும் பயன்படுத்தும் வரிசையில் வைத்துவிட்டு, அங்கே கிடக்கும் மற்ற பாட்டில்களை அப்புறப்படுத்துங்கள். தண்ணீரின் சூட்டை மட்டும் நீங்களே பாருங்கள், அதை அவரிடம் விடவேண்டாம்.

உதவியிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் காத்திருங்கள். எண்ணத்தைச் செயலாக்க அவருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். நகரவில்லையென்றால் ஒரே ஒரு சிறு வாக்கியம் சொல்லுங்கள். அதற்கும் முடியாவிட்டால் நீங்கள் செய்துகாட்டுங்கள். கையைப் பிடித்துச் செய்ய வைப்பது கடைசியில். முழுவதையும் நாமே செய்துவிட்டால், நோய் இன்னும் தொடாத திறமையும் புழங்காமலே போய்விடும்.

புதிதாக ஒன்றைப் பழக்க வேண்டுமென்றால், கேமரன் கேம்ப் என்ற அமெரிக்க உளவியலாளர் டிமென்ஷியா உள்ளவர்களுக்காக வளர்த்தெடுத்த ஒரு முறை இருக்கிறது. இடைவெளி விட்டு விட்டு நினைவுபடுத்த வைப்பது. உதாரணத்துக்கு, நாற்காலியிலிருந்து எழும் முன் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். முதலில் நீங்களே பதிலைச் சொல்லிவிட்டு, உடனே கேளுங்கள்: "எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும்பா?" அவர் சொல்லி, செய்தும் காட்டட்டும். அரை நிமிடம் கழித்து அதே கேள்வி, அதே வார்த்தைகளில். பிறகு ஒரு நிமிடம், இரண்டு, நான்கு, எட்டு. நடுவில் மற்ற பேச்சு பேசுங்கள். தவறினால் சரியான பதிலை உடனே சொல்லி, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்பிவிடுங்கள். "நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஊகத்தில் சொன்ன தப்பான பதிலும் மனதில் பதிந்துவிடும். அது தப்பு என்று திருத்திக்கொள்ள உதவும் நினைவுதான் அவரிடம் பலவீனமாக இருக்கிறது.

எதைப் பழக்குவது என்பதை அப்பாவிடமே கேளுங்கள். நீங்கள் குளியலைச் சொல்வீர்கள், அவர் நண்பருக்குத் தானே போன் போட வேண்டும் என்பார். அதிலிருந்தே தொடங்குங்கள், அக்கறை அங்கேதான் இருக்கிறது. பிரிட்டனில் லிண்டா கிளேர் என்ற உளவியலாளரின் குழு 475 பேரிடம் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வு இப்படித்தான் அமைந்தது. ஆரம்பக் கட்டத்தில் உள்ளவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்தார்கள். தெரபிஸ்டுகள் அதற்கான பயிற்சியை மூன்று மாதத்தில் 10 அமர்வுகளாகக் கொடுத்தார்கள். தேர்ந்தெடுத்த காரியங்களில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது, ஒன்பதாவது மாதத்திலும் அது நிலைத்தது. நினைவுச் சோதனை மதிப்பெண்கள் உயரவில்லை. போன் போடப் பழகினால் போன் போட வரும், அதைத் தாண்டி எதிர்பார்க்காதீர்கள். மூளை விளையாட்டுச் செயலிகளிலும் இதே கதைதான்: விளையாட்டில் தேறுவார், குளியலறையில் அது உதவாது. பிடித்திருந்தால் பொழுதுபோக்காக விளையாடட்டும்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ஓரிரு நாளில் திடீரென்று நிலைமை மோசமானால், நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாமல் அன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். சிறுநீர்த் தொற்று, புது மாத்திரை, மலச்சிக்கல், உடம்பில் நீர்ச்சத்துக் குறைவு என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். காது கேட்பதையும் கண்ணாடியையும் பயிற்சி தொடங்கும் முன்பே பரிசோதித்துவிடுங்கள். காதில் விழாத சொல்லுக்கு அவர் எப்படி பதில் சொல்வார்?

அப்பா எரிச்சல்பட்டாலோ சோர்ந்தாலோ அன்றைக்கு விட்டுவிடுங்கள். நோய் முற்றும்போது இலக்கையும் சுருக்க வேண்டியிருக்கும்: முழுக் குளியல் போய், முகத்தைத் தானே துடைத்துக்கொள்வது என்று ஆகும். அதுவும் அவர் செய்வதுதான், அதையும் பறிக்க வேண்டாம். இந்த வாரம் குளியலை மட்டும் கவனித்து, எந்த இடத்தில் நிற்கிறார் என்று குறித்து வையுங்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பார்க்க டாக்டரிடம் கடிதம் வாங்கும்போது அந்தக் குறிப்பையும் கொண்டுபோங்கள். பயிற்சியை எங்கே தொடங்குவது என்று தெரபிஸ்ட் அதை வைத்தே சொல்லிவிடுவார்.